2 டெஸ்ட் மட்டுமே ஆடியவர் இந்தியப் பந்துவீச்சை மாற்றியது எப்படி? பரத் அருணும் 'உதவிப் பயிற்சியாளர்' வேலையும்

2021 ஜனவரி 19. பிரிஸ்பேனின் காபா மைதானம். ரிஷப் பண்ட் அடித்த பந்து பவுண்டரிக் கோட்டைத் தொடுகிறது, இந்தியா 3 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயிக்கிறது. 1988க்குப் பிறகு அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா தோற்ற முதல் டெஸ்ட் அது. அந்த வீடியோவை நம்மில் பலர் இன்னும் மாசத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துட்டு இருக்கோம். பண்ட் தெரியும், சிராஜ் தெரியும், நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனைச் சொல்லவே வேண்டாம்.

அந்த டெஸ்டில் 20 விக்கெட் எடுத்த பந்துவீச்சாளர்களைத் தயார் செய்தவர் யார் என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்போம். அவர் பெயர் பரத் அருண்.

அணி தோற்றால் கேப்டனையும் தலைமைப் பயிற்சியாளரையும் திட்டுகிறோம். ஜெயித்தால் அவர்களையே தூக்கி வைக்கிறோம். நடுவில் இருக்கும் இந்த 'உதவி' ஆட்கள் என்ன வேலை பார்க்கிறார்கள், எப்படி அந்த இடத்துக்கு வருகிறார்கள், ஏன் திடீரென்று காணாமல் போகிறார்கள்? பரத் அருணின் பயணத்தை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

கொடுங்கையூர், எம்.கே.பி. நகர் பக்கம் சாயங்காலம் மைதானத்துக்குப் போனால் ஒரு அண்ணன் கண்டிப்பாக இருப்பார். ஒரு காலத்தில் லீக்கில் கீழ் டிவிஷனில் வேகமாகப் பந்து போட்டவர். இப்போது ஆடுவதில்லை. ஆனால் சின்னப் பசங்களுக்கு, 'டேய், தோள் சாயுது பாரு, நேரா வா' என்று சொல்லிக்கொண்டே ஓரமாக நிற்பார். அவர் செய்யும் அதே வேலையை உலக அளவில் செய்தவரின் கதை இது.

யார் இந்த பரத் அருண்?

1962 டிசம்பர் 14 அன்று விஜயவாடாவில் பிறந்தவர். கிரிக்கெட் ஆடியது தமிழ்நாட்டுக்காக. மிதவேகப் பந்துவீச்சு, கூடவே கொஞ்சம் பேட்டிங். 1987-88 சீசனில் எஸ். வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றதே, அந்த அணியில் இருந்தவர்.

இந்தியாவுக்காக ஆடியது 2 டெஸ்ட், 4 ஒருநாள் போட்டி. அவ்வளவுதான். முதல் டெஸ்ட் 1986 டிசம்பரில் கான்பூரில். இரண்டு டெஸ்டும் இலங்கைக்கு எதிராக. டெஸ்டில் எடுத்தது 4 விக்கெட், ஒருநாளில் 1 விக்கெட். கபில்தேவ் உச்சத்தில் இருந்த காலத்தில் ஒரு மிதவேக ஆல்ரவுண்டருக்கு அணியில் எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்று நீங்களே கணக்கு போட்டுக்கொள்ளலாம்.

25 வயது தாண்டும் முன்பே சர்வதேசக் கதவு மூடிவிட்டது. மைதானத்துக்கு வெளியே அவர் தொடங்கிய பயணம்தான் நீளமானது. 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அணிக்குப் பயிற்சியாளர். பிறகு பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமியில் பந்துவீச்சுப் பயிற்சி. 2012ல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் உன்முக்த் சந்த் 111 ரன் அடித்து இந்தியாவுக்கு 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார் இல்லையா? அந்த அணியின் பயிற்சியாளர் பரத் அருண்தான்.

'உதவி' என்றால் என்ன வேலை?

நம்ம ஊரில் உதவிப் பயிற்சியாளர் என்றாலே பை தூக்குகிறவர், தண்ணி பாட்டில் அடுக்குகிறவர் என்று ஒரு நினைப்பு இருக்கு. உண்மை வேற.

இந்த வேலையை ரொம்ப விரிவாகப் பிரித்து வைத்திருப்பது அமெரிக்கக் கால்பந்து. ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதிக்கொள்வார்களே, அந்த ஆட்டம். அங்கே தாக்குதலுக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர், தடுப்புக்கு ஒருவர், உதை ஆட்டத்துக்கு ஒருவர், அதற்குக் கீழே ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனிப் பயிற்சியாளர் என்று ஒரு சின்ன அலுவலகமே இருக்கும். தலைமைப் பயிற்சியாளர் வேலை போனால் பெரும்பாலும் அந்தக் கூட்டமே பெட்டி கட்ட வேண்டியதுதான்.

இந்திய கிரிக்கெட்டுக்கு இந்த ஏற்பாடு தாமதமாகத்தான் வந்தது. 90களில் அஜித் வடேகர் காலத்தில் 'மேனேஜர்' என்ற ஒருவரே கிட்டத்தட்ட எல்லாமும். 2007 உலகக் கோப்பைத் தோல்விக்குப் பிறகு வங்கதேசத் தொடருக்குப் பந்துவீச்சுக்கு வெங்கடேஷ் பிரசாத், ஃபீல்டிங்குக்கு நம்ம ராபின் சிங் என்று பிரித்துக் கொடுத்தார்கள். அதிலிருந்து இது ஒரு நிலையான வேலையாக மாறியது.

நெட்டில் பந்து எறிந்து கொடுப்பதுகூட இப்போது தனி வேலை. சைடு ஆர்ம் என்ற நீளமான கரண்டி மாதிரி கருவியை வைத்து 150 கிலோமீட்டர் வேகத்தில் பந்து எறியும் ராகவேந்திரா, இந்திய அணியுடன் பல வருடம் பயணித்தவர். வேகப்பந்தை இந்திய பேட்டர்கள் நன்றாக ஆடத் தொடங்கியதற்கு அவர் ஒரு காரணம் என்று விராட் கோலியே சொல்லியிருக்கிறார்.

பந்துவீச்சுப் பயிற்சியாளரின் வேலை பந்து பிடிக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பதோடு முடிவதில்லை. எதிரணி பேட்டர் எந்தப் பக்கம் ரன் எடுக்கிறார் என்று பார்த்துத் திட்டம் போட வேண்டும். யாருக்கு எத்தனை ஓவர் உடம்பு தாங்கும் என்று பிசியோவோடு பேச வேண்டும். டீமில் எடுக்காத பையனிடம் ஏன் எடுக்கவில்லை என்று சொல்லும் சங்கடமும் பல நேரம் இவர் தலையில்தான் விழும்.

மூன்று பேரில் ஒருவர் மட்டும் வெளியே

2014ல் இந்தியா இங்கிலாந்தில் டெஸ்ட் தொடரை 3-1 என்று தோற்றது. உடனே ரவி சாஸ்திரி அணி இயக்குநராக வந்தார். அவரோடு சஞ்சய் பாங்கர், ஆர். ஸ்ரீதர், பரத் அருண் மூவரும் உதவிப் பயிற்சியாளர்களாக உள்ளே வந்தார்கள்.

2016 டி20 உலகக் கோப்பையோடு அந்தக் காலம் முடிந்தது. அனில் கும்ப்ளே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். பாங்கர் தொடர்ந்தார், ஸ்ரீதர் தொடர்ந்தார். பரத் அருணுக்கு இடமில்லை. கும்ப்ளே உலகத்தரப் பந்துவீச்சாளர், தனியாகப் பந்துவீச்சுப் பயிற்சியாளர் எதற்கு என்ற கணக்கு. தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் உதவிப் பயிற்சியாளரின் வேலை எவ்வளவு நூலில் தொங்குகிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அவர் என்ன செய்தார், செய்யவில்லை என்பது பேச்சிலேயே இல்லை. மேலே வந்தவர் யார் என்பதே முடிவு செய்தது.

இதே மாதிரி சமீபத்திலும் நடந்தது. 2024ல் கௌதம் கம்பீரோடு உதவிப் பயிற்சியாளராக வந்த அபிஷேக் நாயர், ஒரு வருடம்கூட முடியாத நிலையில் 2025 ஏப்ரலில் வெளியேறினார். அதற்கு முந்தைய மாதம்தான் இந்தியா சாம்பியன்ஸ் டிராஃபியை ஜெயித்திருந்தது!

வெளியே இருந்த வருடத்தில் கிடைத்த சிராஜ்

இந்திய அணியிலிருந்து வெளியே வந்த பரத் அருண், 2016-17 ரஞ்சி சீசனில் ஹைதராபாத் அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். அங்கே ஒரு பையன். ஆட்டோ ஓட்டுநரின் மகன். தெருவில் டென்னிஸ் பந்தில் வளர்ந்தவன். அதற்கு முந்தைய சீசனில் ஒரே ஒரு ரஞ்சி மேட்ச் ஆடியிருந்தான். ஓடி வரும் வேகம் இருந்தது, முறையான பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை.

முகமது சிராஜ்.

அந்த ஒரே சீசனில் சிராஜ் எடுத்தது 41 விக்கெட். 2017 ஐபிஎல் ஏலத்தில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அவரை 2.6 கோடி ரூபாய்க்கு எடுத்தது. தன் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டவர்களில் ஒருவர் பரத் அருண் என்று சிராஜ் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

பெரிய அணியிலிருந்து கழற்றிவிடப்பட்ட வருடத்தில், மாநில அணியின் நெட்டில் கண்டெடுத்த பையன். நாலு வருடம் கழித்து காபாவில் 5 விக்கெட் எடுத்தது அதே பையன்தான். இந்த ஒரு விஷயத்துக்காகவே பரத் அருண் கதையை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது.

2017 சர்ச்சை: நண்பர் என்பதால் வேலையா?

2017 ஜூலையில் ரவி சாஸ்திரி தலைமைப் பயிற்சியாளர் ஆனார். சச்சின், கங்குலி, லட்சுமணன் இருந்த ஆலோசனைக் குழு, பந்துவீச்சு ஆலோசகர் என்று ஜாகீர் கான் பெயரை அறிவித்தது. ஒரு பக்கம் 92 டெஸ்ட் ஆடிய ஜாகீர். இன்னொரு பக்கம் 2 டெஸ்ட் ஆடிய அருண். சாஸ்திரியோ அருண்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றார். ஒரு வாரத்தில் அருண் பந்துவீச்சுப் பயிற்சியாளர் என்று முடிவானது.

சாஸ்திரியும் அருணும் இளைஞர் அணிக் காலத்திலிருந்தே நண்பர்கள். அதனால் 'சொந்தக்காரனுக்கு வேலை போட்ட மாதிரி' என்று சமூக வலைதளங்களில் கிண்டல் பறந்தது. கேள்வி நியாயமானதுதான். வேண்டப்பட்டவரை உள்ளே கொண்டுவருவதை நாம் எல்லா இடத்திலும் பார்க்கிறோம். ஆனால் 15 வருடம் மாநில அணி, அகாடமி, இளையோர் அணி என்று படிப்படியாக வந்தவர் அருண் என்பதை அந்தக் கிண்டல் கண்டுகொள்ளவில்லை. நன்றாக ஆடியவர் நன்றாகச் சொல்லிக் கொடுப்பார் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கணக்கில் நூறு வாங்கியவரிடம் டியூஷன் போனவர்களுக்கு இது தெரியும்.

அடுத்து வந்த முடிவுகளைப் பாருங்கள். 2018 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் 3 டெஸ்ட். தொடரை இந்தியா 2-1 என்று தோற்றது, ஆனால் 6 இன்னிங்ஸிலும் எதிரணியை ஆல் அவுட் செய்தது. அதாவது 60 விக்கெட்டும் விழுந்தது. அந்த ஆண்டு இறுதியில் தொடங்கிய ஆஸ்திரேலியத் தொடரை 2-1 என்று ஜெயித்தது. ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் தொடர் வெற்றி. பும்ரா 21, ஷமி 16, இஷாந்த் 11 விக்கெட்.

பும்ராவை மாற்றாமல் விட்டது

பயிற்சியாளர் செய்ததைப் பற்றி நிறையப் பேசலாம். செய்யாமல் விட்டதும் முக்கியம். பும்ராவின் பந்துவீச்சு முறை வினோதமானது. குட்டையான ஓட்டம், நீட்டிய கை. அகாடமியில் அவரை இளைஞராகப் பார்த்தபோது அந்த முறையை மாற்றவேண்டாம் என்று முடிவு செய்ததாக அருண் பின்னாளில் சொன்னார். வேகம் அந்த முறையிலிருந்துதான் வருகிறது, அதில் கை வைத்தால் வேகம் போய்விடும். ஆனால் உடம்புக்கு அது பெரிய சுமை. அதனால் உடம்பைப் பலப்படுத்துவது என்று வழி பிடித்தார்கள். எங்க ஏரியா அண்ணன்கள் உட்படப் பல கோச்கள் முதல் நாளே 'ஆக்‌ஷனை மாத்துடா' என்று தொடங்கியிருப்பார்கள்.

ஷமி கதை வேறு மாதிரி. 2018 ஜூனில் ஆப்கானிஸ்தான் டெஸ்டுக்கு முன் யோ-யோ உடற்தகுதித் தேர்வில் ஷமி தேறவில்லை. வீட்டிலும் பெரிய பிரச்னை. கிரிக்கெட்டே வேண்டாம், விட்டுவிடுகிறேன் என்று அருணிடம் வந்து நின்றிருக்கிறார். அருண் அவரை சாஸ்திரியிடம் கூட்டிக்கொண்டு போனார். கோபமாக இருப்பது நல்லதுதான், அந்தக் கோபத்தை உடம்பில் காட்டு என்று சொல்லி அகாடமிக்குச் சில வாரம் அனுப்பி வைத்தார்கள். இதைப் பல வருடம் கழித்து அருணே ஒரு நேர்காணலில் சொன்னார். அந்த ஆண்டே இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று ஷமி திரும்பி வந்ததை நாம் பார்த்தோம்.

இந்தப் பேச்சுவார்த்தைக்கு ஸ்கோர் கார்டில் இடம் கிடையாது.

36க்கு ஆல் அவுட், அப்புறம் காபா

2020 டிசம்பர் 19, அடிலெய்டு. இந்தியா 36 ரன்னுக்கு ஆல் அவுட். முதல் இன்னிங்ஸில் ஆஸ்திரேலியாவை 191ல் சுருட்டி 53 ரன் முன்னிலை வாங்கிக் கொடுத்திருந்தார்கள் பந்துவீச்சாளர்கள். எல்லாம் ஒரு மணி நேரத்தில் போனது. கோலி குழந்தைப் பிறப்புக்காக ஊர் திரும்பினார். ஷமிக்குக் கையில் எலும்பு முறிவு.

ஆனால் ஒரு திட்டம் ஏற்கனவே தயாராக இருந்தது. அந்தத் தொடருக்குச் சில மாதங்கள் முன்பு, ஜூலையிலேயே சாஸ்திரி போன் செய்து, ஆஸ்திரேலியர்களுக்கு ஆஃப் சைடில் ரன்னே கொடுக்கக் கூடாது என்று பேசியதாக அருண் விளக்கினார். ஸ்மித்தும் லபுஷேனும் கட், புல் என்று எங்கே அதிக ரன் எடுக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் நீல் வாக்னர் ஸ்மித்தை உடம்புக்கு நேராகப் போட்டுக் கட்டிப்போட்டதும் கணக்கில் இருந்தது. ஆக, நேராக ஸ்டம்புக்குப் போடு, லெக் சைடில் ஆட்களை நிறுத்து. இதுதான் திட்டம்.

மெல்போர்னில் அது பலித்தது. முதல் இன்னிங்ஸில் அஸ்வின் பந்தில் லெக் சைடில் நின்ற புஜாராவிடம் கேட்ச் கொடுத்து ஸ்மித் 0. இரண்டாவது இன்னிங்ஸில் பும்ரா பந்தில் போல்டு, 8. இந்தியா ஜெயித்தது. சிட்னியில் அதே ஸ்மித் 131, 81 என்று அடித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காபாவுக்கு வரும்போது பும்ரா இல்லை, அஸ்வின் இல்லை, ஜடேஜா இல்லை, உமேஷ் இல்லை. எல்லாரும் காயம். மிச்சம் இருந்தது சிராஜ், சைனி, ஷர்துல் தாக்கூர், நடராஜன், வாஷிங்டன் சுந்தர். அந்த டெஸ்டுக்கு முன்பு இந்த 5 பேரும் சேர்ந்து ஆடியிருந்த டெஸ்ட் வெறும் 4. அதிலும் தாக்கூர் தன் ஒரே டெஸ்டில் 10 பந்து போட்டுவிட்டுக் காயத்தோடு வெளியேறியவர். நடராஜன் அந்தச் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்பியதே நெட் பௌலராக.

ஆஸ்திரேலியா 369, 294. இரண்டு முறையும் ஆல் அவுட். முதல் இன்னிங்ஸில் நடராஜன், தாக்கூர், சுந்தர் தலா 3 விக்கெட். இரண்டாவதில் சிராஜ் 73 ரன் கொடுத்து 5, தாக்கூர் 4. சுற்றுப்பயணத்தின் தொடக்கத்திலேயே தந்தையை இழந்து, ஊருக்குத் திரும்பாமல் அணியோடு இருந்த சிராஜ், தொடரில் 13 விக்கெட்டோடு இந்தியாவின் முதலிடம்.

எதிர் முகாமிலும் ஒரு சென்னைக்காரர்

உதவிப் பயிற்சியாளரின் கை எவ்வளவு நீளம் என்று காட்ட இன்னொரு சம்பவம். இந்த முறை இந்தியாவுக்கு வலித்தது.

2017 பிப்ரவரி, புனே டெஸ்ட், இரண்டாம் நாள். உணவு இடைவேளைக்கு முன் ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஸ்டீவ் ஓகீஃபுக்கு விக்கெட்டே இல்லை. மற்றவர்கள் சாப்பிடப் போனபோது அவர் பக்கத்து ஆடுகளத்தில் ஒருவரோடு நின்று பந்து போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒருவர் ஸ்ரீதரன் ஸ்ரீராம். தமிழ்நாட்டின் முன்னாள் தொடக்க பேட்டர், இந்தியாவுக்காக 8 ஒருநாள் ஆடியவர், அப்போது ஆஸ்திரேலியாவின் சுழற்பந்து ஆலோசகர்.

இடைவேளை முடிந்தது. இந்தியாவின் கடைசி 7 விக்கெட் 11 ரன்னுக்குள் விழுந்தது. 105 ஆல் அவுட். ஓகீஃப் 35க்கு 6, அடுத்த இன்னிங்ஸிலும் 35க்கு 6. ஆஸ்திரேலியா 333 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. ஸ்ரீராம் பிறகு வங்கதேச டி20 அணி, பெங்களூரு, லக்னோ என்று சுற்றி 2025ல் சிஎஸ்கேவில் உதவிப் பந்துவீச்சுப் பயிற்சியாளராக ஊருக்கே வந்து சேர்ந்தார்.

சரி, இந்த வேலைக்கு யார் போகலாம்?

இங்கேதான் ஒரு முரண் இருக்கு. 2019ல் இந்திய அணியின் பயிற்சியாளர் பதவிகளுக்கு பிசிசிஐ விளம்பரம் கொடுத்தது. பேட்டிங், பந்துவீச்சு, ஃபீல்டிங் பயிற்சியாளருக்குக் குறைந்தபட்சம் 10 டெஸ்ட் அல்லது 25 ஒருநாள் ஆடியிருக்க வேண்டும் என்று நிபந்தனை. ஏற்கனவே பதவியில் இருப்பவர்கள் தானாகவே பரிசீலிக்கப்படுவார்கள் என்று ஒரு வரியும் இருந்தது. அந்த வரி மட்டும் இல்லையென்றால், 2 டெஸ்ட், 4 ஒருநாள் ஆடிய பரத் அருண் விண்ணப்பமே போட்டிருக்க முடியாது. அதே ஆகஸ்டில் அவர் மறுபடியும் தேர்வானார். ஒன்றரை வருடத்தில் காபா வந்தது.

எங்க ஏரியா மைதானத்து அண்ணனுக்கு அந்த வாசல் கிடையாது. ஆனால் கீழே வேறு வாசல்கள் இருக்கின்றன. கிரிக்கெட்டில் பிசிசிஐயின் பயிற்சியாளர் தேர்வுகள் நிலை வாரியாக நடக்கின்றன. பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் டிப்ளமோவும், ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. அகாடமி, பள்ளி, மாவட்ட அணி என்று வேலை தேட இந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.

வடசென்னைக்கு உண்மையில் நெருக்கமானது கால்பந்து. கொடுங்கையூருக்குப் பக்கத்து வியாசர்பாடி பசங்களைக் கேட்டால் தெரியும். அங்கே ஏணி இன்னும் தெளிவு. டி லைசென்ஸில் தொடங்கி சி, பி, ஏ, கடைசியில் ப்ரோ. இந்தியாவுக்கு ஆடியிருந்தால்தான் டி எழுதலாம் என்றெல்லாம் இல்லை. சென்னையின் முன்னாள் இந்திய வீரர் சையத் சாபிர் பாஷா, சென்னையின் எஃப்சி அணியில் பல வருடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். 2022 பிப்ரவரியில் தலைமைப் பயிற்சியாளர் பாண்டோவிச் நடு சீசனில் விலகியபோது மிச்ச மேட்ச்களுக்கு அணியை அவர் கையில்தான் கொடுத்தார்கள்.

இப்போது எங்கே இருக்கிறார்?

2021 டி20 உலகக் கோப்பையோடு சாஸ்திரி விடைபெற்றார். அருணும் கூடவே. 2022ல் கொல்கத்தா நைட் ரைடர்ஸின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் ஆனார். 2024 மே 26 அன்று சேப்பாக்கத்தில் கொல்கத்தா கோப்பையைத் தூக்கியது. அந்த சீசனில் வருண் சக்கரவர்த்தி 21 விக்கெட், ஹர்ஷித் ராணா 19. மறுநாள் தலைப்புகளில் ஷ்ரேயஸ், கம்பீர், ஷாருக் கான்.

2025 ஜூலையில் லக்னோ சூப்பர் ஜெயன்ட்ஸ் அவரைப் பந்துவீச்சுப் பயிற்சியாளராக அறிவித்தது. புது ஊர், புது நெட், அப்போது 62 வயது. மயங்க் யாதவ் மாதிரி வேகம் இருந்தும் காயத்தால் உட்கார்ந்திருந்த பையன்கள் அப்போது அந்த அணியில் இருந்தார்கள்.